ஜெக்ஷெனின் ஒரு நிமிட ஓய்வு

ஜெக்ஷென் அகாய்க்கு வயது ஐம்பத்தெட்டு. அதில் பதினொரு வருடத்தை நாற்பது வாரத் திட்டங்கள் தின்றுவிட்டன. நாரின் மலைப்பக்கத்து ஊர் ஒன்றில், குதிரைமேல் இருந்தபடி ஆட்டு உடலைப் பிடுங்கி எதிரணியின் குழியில் போடும் கோக்-போரு அணிக்கு அவர் உடற்பயிற்சி ஆசிரியர்; ஆசிரியரை அங்கே அகாய் என்பார்கள். பனி உருகுமுன் மெல்ல ஆரம்பித்து, கோடையில் பளுவை ஏற்றி, இலையுதிர் காலப் போட்டிக்கு ஆளை உச்சத்தில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். சிவப்பிலும் பச்சையிலுமாகச் சுவர் நீளத்துக்குத் திட்டம் எழுதுவார். எவனாவது முடித்ததுண்டா? மூன்றாவது வாரம் ஒரு கல்யாணம் வரும், நான்காவது வாரம் ஒரு சுன்னத்து விருந்து. அணியே ஆட்டுக்கொழுப்பில் மிதக்கும். சாவதற்குள் ஒருவனாவது நாற்பது வாரத்தையும் ஒழுங்காக முடிக்க வேண்டும், அந்த மனிதரின் ஆசை அவ்வளவுதான்.

இந்த வருடம் இடைவெளி ஓட்டம். நீள விசிலுக்கு இரண்டு நிமிடம் உயிரைக் கொடுத்து ஓட வேண்டும். இரட்டை விசிலுக்கு நின்று ஒரு நிமிடம் ஓய்வு. இப்படி எட்டுத் தடவை.

"கால்லயா ஓடச் சொல்றீங்க, அகாய்?" அணித் தலைவன் உலார்பெக் தொப்பையைத் தடவிக்கொண்டே கேட்டான். "ஊர்க்காரங்க பாத்தா, என் குதிரை செத்துப்போச்சுன்னு துக்கம் கேக்க வந்துடுவாங்க."

"கடைசி ஆட்டத்துல மூச்சு வாங்கிச் சரியறப்ப மட்டும் வெக்கமா இல்லியாடா?"

"சரி, குன்றுக்கு அந்தப் பக்கம் ஓடறோம். உங்களுக்கு முட்டிவலி. இங்கேயே உக்காந்து ஊதுங்க."

நம்பிவிட்டார். நாற்பது வாரமும் ஊதினார். பையன்கள் சட்டை நனைந்து திரும்பினார்கள். அது யாருடைய வேர்வை என்று அவர் கேட்கவில்லை. தொப்பை ஏன் குறையவில்லை என்று மட்டும் ஒருநாள் கேட்டார். "அது தசை அகாய்" என்றான் உலார்பெக்.

போட்டியில் இரண்டு அணிக்கும் சம புள்ளி, கடைசி இரண்டு நிமிடம். வழக்கமாக இந்நேரம் படுத்துவிடும் அணி இன்று பறந்தது. உலார்பெக் ஆட்டைத் தூக்கிக்கொண்டு குழியை நோக்கிப் பாய்ந்தான். பத்தடிதான் பாக்கி, குறுக்கே எவனும் இல்லை. அகாய்க்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம் தாங்காமல் எழுந்து விசிலை ஊதினார், இரண்டு தடவை.

அணியின் நான்கு குதிரைகளும் ஆணியடித்த மாதிரி நின்றன. உலார்பெக் தன் குதிரையின் தலைக்கு மேலாகப் பறந்து சேற்றில் விழுந்தான். ஆடு ஒரு பக்கம் போனது. மற்ற மூவரும் சாட்டையால் அடித்துப் பார்த்தார்கள். குதிரைகள் அசையாமல் நிதானமாக மூச்சு விட்டன.

"நீள விசில் ஊதுங்க அகாய்!" உலார்பெக் சேற்றிலிருந்து அலறினான். "அதுக்குத்தான் இதுங்க நவுரும்! குன்றுக்குப் பின்னால இத்தன மாசமும் ஓடினது இதுங்கதான்!"

அகாய்க்கு எல்லாம் புரிந்தது. முதலில் கொதித்துக்கொண்டு வந்தது. பிறகு குதிரைகளைப் பார்த்தார். கல்யாணத்துக்குப் போகாதவை, சாக்குச் சொல்லாதவை. விசில் உதடு வரை போனது. எதிரணிக்காரன் ஆட்டை எடுக்கக் குனிந்துவிட்டான். ஊரே எழுந்து நின்று "ஊதுய்யா!" என்று கத்தியது. அவர் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஓய்வு இன்னும் நாப்பது செகண்ட் இருக்குடா. பதினோரு வருஷத்துல இதுங்கதான்டா முடிச்சிருக்கு. நான் கெடுக்க மாட்டேன்."

எதிரணி ஆட்டைக் கொண்டுபோய்க் குழியில் போட்டது. சரியாக அறுபதாவது செகண்டில் ஜெக்ஷென் நீள விசில் ஊதினார். நான்கு குதிரைகளும் பாய்ந்தன. உலார்பெக் இன்னும் சேற்றில்தான் கிடந்தான்.