முக்காடு போட்ட வண்டி

என் வண்டிக்கு மூஞ்சி ஜீப், முதுகு லாரி. இது நான் கண்டுபிடித்த வாசகம் அல்ல. கருக்களாச்சேரி கரையில் மீன் எடுத்து, காரைக்கால் மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்கும் அக்கா ஒருவர் சொன்னது. "உன் வண்டி திரும்புற சத்தம் கேட்டாலே தெருப் பூனையெல்லாம் எந்திரிச்சு நிக்கிது பாரு தம்பி, கலெக்டருக்குக்கூட இந்த மரியாதை கெடையாது" என்று சொல்வதும் அவர்தான். காலையில் ஐஸ் கட்டியோடு கரைக்குப் போய், மீன் பெட்டியோடு ஊருக்குத் திரும்பும் வண்டி. மதியத்துக்கு மேல் வைக்கோல், செங்கல், கல்யாண வீட்டு நாற்காலி என்று எது வந்தாலும் ஏற்றும். பழைய பிக்கப். அந்த மாதிரி இப்போது யாரும் செய்வதில்லை. பின்கதவை இரண்டு பக்கமும் சங்கிலி போட்டு மாட்டியிருப்பேன். அந்தச் சங்கிலிச் சத்தம்தான் பூனைகளுக்கு மணி.

இந்த வண்டியைப் பார்த்து ஒரு மனிதர் என்னை முதன்முதலாக "சார்" என்று கூப்பிட்டது பெட்ரோல் பங்கில். நன்றாக உடுத்தியிருந்தார். கோட்டுச்சேரிக்காரர், நெல் விளைவிக்கிற குடும்பம், இவர் மட்டும் வங்கியில் வேலை. வண்டியைச் சுற்றி வந்து, மாட்டைத் தட்டுகிற மாதிரி பானெட்டைத் தட்டிக்கொடுத்தார்.

"சார், இது என்ன வண்டின்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியுங்க. என் வண்டி."

"அது இல்ல சார். இது கிளாசிக் சார்!"

பழைய பிக்கப் வண்டி வைத்திருப்பவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் நடத்துகிறார்களாம். அவர்தான் செயலாளராம். ஞாயிற்றுக்கிழமை கடற்கரைச் சாலைக்கு வரச் சொன்னார். எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது அவள் அரிசி களைந்துகொண்டே கேட்டாள்: "கிளாசிக்குன்னா என்னாங்க?" எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "கௌரவமான பழசு" என்றேன். "அப்ப உங்களையும் சேத்துக்குவாங்க, போயிட்டு வாங்க" என்றாள்.

கடற்கரையில் மரத்தடியில் வண்டிகள் வரிசையாக நின்றன. என்ன பளபளப்பு! சங்கத் தலைவருடைய வண்டி வானத்து நீலம். அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனில் வந்தவர், இங்கே சொல்தா என்போமே, அந்த வகை. முதுகு வளையாமல் நிற்பார். நானும் மற்றவர்களும் அவரைப் பிரெஞ்சு மரியாதையில் முசே என்றுதான் கூப்பிட்டோம். அவர் என் வண்டியை மேலும் கீழும் பார்த்துவிட்டு முதல் கேள்வி கேட்டார்.

"பாஷ் இருக்கா?"

நான் பணிவாகச் சொன்னேன். "தமிழ் நல்லா வரும் முசே. இங்கிலீசு எழுத்துக் கூட்டிப் படிப்பேன். பிரெஞ்சு மட்டும் போன்ழூர்னு வணக்கம் சொல்றதோட நின்னுபோச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். சாதாரணச் சிரிப்பா? ஒருவர் தன் வண்டியின் மீது சாய்ந்து சிரிக்கப் போய், பெயின்ட் ஞாபகம் வந்து நிமிர்ந்துகொண்டு சிரித்தார். வண்டியின் பின்தொட்டியை மூடுகிற தார்ப்பாய்க்குப் பிரெஞ்சில் பாஷ் என்று பெயராம். பிரான்சில் இந்த மாதிரி வண்டிக்குத் தொட்டி மேல் அது இருந்தால்தான் அழகாம். நான் கேட்கிறேன், காரைக்காலில் ஒரு தமிழன் இன்னொரு தமிழனிடம் "பாஷ் இருக்கா" என்று கேட்டால் அடுத்தவன் காதில் பாஷை என்றுதானே விழும்? அன்றிலிருந்து சங்கத்தில் எனக்குப் பாஷைக்காரர் என்று பெயர். சரி, பெயர்தானே என்று விட்டுவிட்டேன். சந்தா கட்டினேன், சேர்ந்தேன்.

சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அந்தச் சங்கத்து வண்டிகள் எதுவும் லோடு ஏற்றாது. எப்போதாவது ஒன்று, அவசரத்துக்கு ஒன்று என்றுகூடக் கிடையாது. திரும்பும் வழியில் இளநீர்க் குலை வாங்கினால்கூட அதை மடியில் வைத்துக்கொண்டு போவார்கள். செயலாளர் தன் வண்டித் தொட்டியில் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார். பார்க்கலாமே என்று நான் காலை வைத்தேன்.

"சார், சார்! செருப்பக் கழட்டிட்டு ஏறுங்க."

செருப்பைக் கழற்றிவிட்டு ஏற வேண்டிய பிக்கப் வண்டியை உலகத்தில் வேறு எங்காவது பார்த்திருக்கிறீர்களா? அவருடைய அப்பா காலத்தில் அந்த வண்டி களத்திலிருந்து நெல் மூட்டை ஏற்றியதை நானே பார்த்திருக்கிறேன். அதைச் சொன்னேன். "அதெல்லாம் அப்ப சார்" என்றார், ஏதோ அவருடைய அப்பா சீட்டாடித் தோற்ற கதையை நான் நடுத்தெருவில் சொல்லிவிட்டது போல.

இருந்தாலும் போய்க்கொண்டுதான் இருந்தேன். ஏனென்றால் கடற்கரையில் ஒரு கண்காட்சி வைக்கப்போவதாகப் பேச்சு இருந்தது. எல்லா வண்டிகளும் சாலையோரம் வரிசையாக நிற்கும், ஊர் வந்து பார்க்கும், எல்லோருக்கும் பிரியாணி. அந்த வரிசையில் என் வண்டி நிற்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். கருக்களாச்சேரியில் ஆள் விடாமல் சொல்லிவிட்டேன். "நம்ம வண்டிய நிக்க வச்சுப் பாக்கப் போறாங்களா? வேலையத்த ஊருதான், வர்றேன்" என்றார் அக்கா. மனைவி வண்டியைச் சோப்புப் போட்டு, பிறகு எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்து, மறுபடி சோப்புப் போட்டுக் கழுவினாள்.

கண்காட்சிக்கு முந்தைய ஞாயிறு செயலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். உங்க வண்டி வரிசையில வேணாமேன்னு சில பேரு நெனைக்கிறாங்க."

"எந்தச் சில பேரு?"

"வாடை சார். அப்புறம் தொட்டியில பெட்டி இழுத்த கீறலு. பாக்குறவங்களுக்கு லோடு வண்டி மாதிரி இருக்கு."

"லோடு வண்டிதானேங்க!"

"அதத்தான் சார் சொல்றேன்."

எனக்குக் கோபம் வந்தது. அதற்குள் தலைவர் வந்தார். கையில் மடித்த தார்ப்பாய். வெளிர்ப் பச்சை, பிரான்சிலிருந்து கொண்டுவந்து பெட்டியிலேயே வைத்திருந்ததாம். "பாஷ் போட்டு மூடிட்டா நிக்கலாம்" என்றார். "உள்ள இருக்கிறது யாருக்கும் தெரியாது. வாடையும் வராது. நான் சொல்றேன், வரிசையில நிறுத்துங்க."

அப்போதே தூக்கி எறிந்துவிட்டு வந்திருக்க வேண்டும் என்று இப்போது சொல்வது சுலபம். ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். மனைவி எலுமிச்சை தேய்த்திருக்கிறாள். வாங்கிக்கொண்டேன்.

கண்காட்சி அன்று வெயில் இதமாக இருந்தது, கடல் காற்று நன்றாக வீசியது, கூட்டமும் வந்தது. என் வண்டி வரிசையின் கடைசியில் பச்சைப் பாயைப் போர்த்திக்கொண்டு நின்றது. சங்கிலி உள்ளே போய்விட்டது. கீறல் உள்ளே போய்விட்டது. நான் பக்கத்தில் வெள்ளை வேட்டியில் நின்றேன். கருக்களாச்சேரியிலிருந்து அக்கா தன் பேத்திகளோடு வந்தார். ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டே வந்து, என் வண்டியையும் பார்த்து, தாண்டியும் போய்விட்டார். கூப்பிட்டேன்.

"எங்க தம்பி நம்ம வண்டி?"

"இதாங்கக்கா."

அவர் திரும்பி வந்து குனிந்து மூஞ்சியைப் பார்த்தார், பிறகு முதுகைப் பார்த்தார். "அட, ஆமா. யாரு வண்டியோன்னுல்ல போறேன். ஏந் தம்பி இப்புடி முக்காடு போட்டு நிக்க வச்சிருக்க? என்னா தப்புப் பண்ணிச்சு?"

கேலியாகத்தான் கேட்டார். ஆனால் எனக்குக் காது சுட்டது. தினமும் அதில் பெட்டி ஏற்றுகிறவருக்கே அடையாளம் தெரியாதபடி என் வண்டியை மூடி, அதற்குக் கௌரவம் என்று பெயர் வைத்து, அதன் பக்கத்தில் நான் வேட்டி கட்டிக்கொண்டு நிற்கிறேன்! பாஷ் போட்டதில் என் வண்டிக்குப் பாஷையே போய்விட்டது. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தபோது செயலாளர் ஓடிவந்தார்.

பிரியாணி ஏற்றிவந்த குட்டியானை வண்டி கோட்டுச்சேரி தாண்டி நின்றுபோய்விட்டதாம். அண்டாக்கள், தட்டுகள், தண்ணீர் கேன் எல்லாம் சாலையோரம். கூட்டம் பசியோடு இருக்கிறது.

"சார், நீங்க கொஞ்சம் போயிட்டு வந்துடுங்களேன்."

நான் வரிசையைப் பார்த்தேன். அத்தனையும் பிக்கப் வண்டி. சுமை தூக்குவதற்கென்றே பிறந்த வண்டிகள். அவற்றின் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரும் கடலைப் பார்த்தார்கள். ஒருவர் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டார். அது அடித்த மாதிரி தெரியவில்லை.

"ஏன், நான்தானா?"

"உங்களுதுதானே சார் ஓடுற வண்டி."

"அப்ப மத்ததெல்லாம்?"

"மத்ததெல்லாம் கிளாசிக் சார்."

இதை அவர் நக்கலாகச் சொல்லவில்லை. மனதாரச் சொன்னார். அதுதான் தாங்கவில்லை. பெட்ரோல் பங்கில் பானெட்டைத் தட்டிக்கொடுத்த அதே கை, அதே வாய்.

போகாமல் இருந்திருக்கலாம். கூட்டத்தில் பிள்ளைகள் இருந்தார்கள். பச்சைப் பாயின் கயிறுகளை அவிழ்த்து, சுருட்டி, முன்சீட்டில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். கண்காட்சி பார்க்க வந்திருந்த மனைவியும் ஏறிக்கொண்டாள். வழி முழுக்க நான் திட்டிக்கொண்டே ஓட்டினேன். அவள் ஒரே ஒரு தடவை பேசினாள். "திட்டுங்க. ஆனா பள்ளத்துல விடாதீங்க, திரும்பி வரையில அண்டா இருக்கும்."

அண்டாக்களை ஏற்றிச் சங்கிலியை மாட்டினேன். திரும்பும்போது மூடியின் ஓரத்தில் ஆவி வந்தது, கிராம்பு மணம் சாலை நெடுக வந்தது. கடற்கரையில் செயலாளர் கையை நீட்டி வழி மறித்தார்.

"அந்தப் பக்கம் வலை காயிற எடத்துல நிறுத்தி எறக்கிடுங்க சார். அப்புறம் பாஷ் போட்டுட்டு வரிசைக்கு வாங்க. போட்டோ எடுக்கணும்."

நான் இஞ்சினை அணைத்தேன். "முடியாதுங்க."

"சார்?"

"அண்டா எறங்காது. வண்டி வரிசையில நிக்கும், அண்டா வண்டியில நிக்கும். வேணுங்கிறவங்க அங்க வந்து சாப்புடட்டும். இல்லேன்னா சொல்லுங்க, கருக்களாச்சேரிக்குக் கொண்டுபோறேன். அங்க தின்ன ஆளு இருக்கு."

"ரூல்ஸ் இருக்கு சார்."

"லோடு ஏத்தச் சொன்னது எந்த ரூல்சு?"

தலைவர் வந்தார். அவரைப் பார்த்துச் சொன்னேன்: "முசே, மூடிட்டு வந்தா மனுசன், தொறந்துட்டு வந்தா கூலியாளா? ஒண்ணு சொல்லுங்க." அவர் முதுகு நிமிர்ந்தபடியே ஓர் அடி விலகி நின்றார். வழி கிடைத்தது. நேராகக் கொண்டுபோய் அவருடைய நீல வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி, பின்கதவைத் திறந்து விட்டேன். சங்கிலி இரண்டு பக்கமும் கலகலவென்று விழுந்தது. அக்கா தொட்டியில் ஏறிச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கரண்டியைப் பிடித்தார். "வாங்க, வாங்க! செருப்போடயே வாங்க!" செருப்புக் கதையை நான்தான் அவருக்குச் சொல்லியிருந்தேன். பின்கதவுக்கு எதிரே வரிசை நீண்டு நீல வண்டியைச் சுற்றிக்கொண்டு போனது. செயலாளர் ஓடி ஓடித் தன் கம்பளத்தில் எச்சில் தட்டு வைக்காதபடி காவல் காத்தார். தலைவரும் வரிசையில் நின்று தட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இதோடு முடிந்திருந்தால் நான் சமாதானமாகியிருப்பேன். அன்று மாலை சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டோ வந்தது. எல்லா வண்டியும் இருந்தது. நீல வண்டியின் ஓரத்தில் என் வண்டியின் ஒரு கண்ணாடி மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது, மிச்சத்தை வெட்டிவிட்டார்கள். கீழே ஒருவர் "பிரியாணி சூப்பர்" என்று எழுதியிருந்தார்.

மறுநாள் அந்தப் பச்சைப் பாயை அக்காவிடம் கொடுத்தேன். நல்ல கெட்டிப் பாய். மணலில் விரித்து அதன்மேல் நெத்திலியைக் காயப் போட்டார். சில நாள் கழித்துத் தலைவர் போன் செய்தார்.

"என் பாஷ் எங்க?"

"கருக்களாச்சேரியில வெயில் காயிது முசே. வந்து எடுத்துக்குங்க."

நீல வண்டியிலேயே வந்தார். மணலில் இறங்கி, பாய் நிறையக் கிடந்த நெத்திலியைப் பார்த்தார். திட்டப் போகிறார், திட்டினால் நானும் திருப்பித் திட்டலாம் என்று காத்திருந்தேன். போட்டோவைப் பற்றி நாலு நாளாகச் சேர்த்து வைத்திருந்தது எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. அவர் குனிந்து ஒரு நெத்திலியை எடுத்து முகர்ந்தார். வாயில் போட்டுக்கொண்டார்.

"பாரீசுலேருந்து எம் மவ போன் பண்ணா இதத்தான் கேக்குறா" என்றார் அக்காவிடம். "கொஞ்சம் கட்டிக் குடுங்க. பாய் கெடக்கட்டும்."

அக்கா தாராளமாகக் கட்டினார், பெரிய பொட்டலம். தூக்கிக்கொண்டு நீல வண்டியின் தொட்டியை நோக்கி நடந்தார்.

"அங்க வேணாம், அங்க வேணாம்மா! பெயின்ட்டு!"

தலைவர் ஓடிவந்து வாங்கிக்கொண்டார். முன்கதவைத் திறந்து தன் பக்கத்துச் சீட்டில் பொட்டலத்தை உட்கார வைத்தார். மணல் பறக்கிறது என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"பாத்துப் போங்க முசே" என்றார் அக்கா. "பூனை வந்தா நிறுத்தாதீங்க."

கருவாடும் அவரும் முன்னால் உட்கார்ந்துகொண்டு போனார்கள். தொட்டி பின்னால் காலியாகப் பளபளத்துக்கொண்டு போனது.