கருந்துணி விழுங்கிய குரல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

தூத்துக்குடி மில்லர்புரத்தில் வசிக்கும் முதியவன் நான். கப்பலில் பணிபுரியும் என் மகன் விடுப்பில் வந்து படம் பார்ப்பதற்காக, வீட்டின் ஓர் அறையைச் சிறு திரையரங்காக மாற்றிக்கொண்டிருந்தேன். ஓசை வெளியே கசியாதிருக்க மரச்சட்டங்களில் பஞ்சை நிரப்பி, கருந்துணியை விறைப்பாக இழுத்து ஸ்டேப்ளர் கன்னால் பின் அடித்து, சுவர்களிலும் கதவிலும் பொருத்தினேன்.

ஒவ்வொரு சட்டமும் ஏறியபின், என் மனைவி ரோஸம்மாளை வெளியே நின்று என்னைக் கூவி அழைக்கச் சொல்வேன். ஓசை எவ்வளவு குறைந்தது என்று அறியவே அச்சோதனை.

“கத்திக் கத்தித் தொண்ட வத்திப்போச்சு. மீன் ஏலம் கூவப் போயிருந்தாலாவது நாலு காசு கெடச்சிருக்கும்” என்று கேலி செய்தாள்.

அன்று பிற்பகல், கதவைச் சாத்திக்கொண்டு கடைசிச் சட்டத்துக்குத் துணி இழுத்தபோது அவள் குரல் நூலிழைபோல் கேட்டது. சொல்லாமலே சோதிக்கிறாள் என்றெண்ணி, குரல் அவ்வளவு மெலிந்ததில் பெருமிதமும் கொண்டேன். நான்கு பக்கமும் அடித்து முடித்த பின்னரே வெளியே வந்தேன்.

கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்து, எழ இயலாமல் வெயிலில் கிடந்தாள்.

“எவ்வளவு நேரமாக் கூப்பிடுதேன்... வெளாட்டுன்னு நெனச்சீங்களோ?”

தூக்க முயன்றேன்; அலறினாள். தெருவே மதிய உறக்கத்தில் அடைத்துக் கிடந்தது. கதவு கதவாகத் தட்டிக் கதறினேன். தெருக்கோடி வரை தட்டிய பிறகே ஒரு கதவு திறந்தது.

மருத்துவமனையில் பார்த்ததில் இடுப்பெலும்பு முறிந்திருந்தது. உயிர் தப்பியது இறைவன் கருணை. இன்னும் படுக்கையில்தான் இருக்கிறாள்.

கதவிலிருந்த சட்டத்தைப் பெயர்த்தெடுத்துவிட்டேன். இப்போது அவள் எதற்கு அழைத்தாலும், “இந்தா வாரேன்” என்று முதலில் குரல் கொடுத்துவிட்டே எழுகிறேன்.

இதனைத் தங்கள் இதழில் வெளியிடாவிடினும், எறிந்துவிடாமல் பாதுகாத்து வைக்க வேண்டுகிறேன்.