குட்டிக் கால் பொம்மை

எட்டாம் வகுப்பில் படித்தபோது, பிரான்சிலிருந்து வந்த மாமா ஜப்பான் பென்சில் பெட்டி ஒன்று கொடுத்தார். மூடியில் பெரிய தலை, உருண்டைக் கண், குட்டிக் காலுடன் ஒரு சிறுமி. அதைப் பார்த்துப் பார்த்தே வரையப் பழகினேன்.

கை படிந்ததும், என் பக்கத்தில் உட்காரும் செல்வியை அதே மாதிரி வரைந்து பிறந்தநாளுக்குக் கொடுத்தேன். வகுப்பே சிரித்தது. போலியோவால் சூம்பிய அவள் கால் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"பொம்மைக்கு அப்டிதான்டி காலு இருக்கும்" என்றேன்.

"என் காலு எப்டினு எனக்குத் தெரியாதா? நீ வேற வரைஞ்சு காட்டணுமா?" என்றவள், மறுநாள் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

இப்போதெல்லாம் யாரை வரைந்தாலும் முதலில் அவர்களிடம்தான் காட்டுகிறேன். அன்று செல்வியிடம் கொடுப்பதற்கு முன்பே வகுப்பு முழுக்கக் காட்டி வந்தது நான்தான்.

- ஒரு வாசகி, முதலியார்பேட்டை