நெல்லிக்கிளைக்கு முன்னால் ஒரு தட்டுப் பிரியாணி

அக்டோபர் கடைசியில் எங்கள் தெருக் கோழிக்கடைக்காரர் என்னைத் திடீரென்று மரியாதையாக நடத்தத் தொடங்கினார். "ரண்டி சார்" என்று எழுந்து நின்று வரவேற்றார். கேட்காமலே தொடைத்துண்டுகளைக் கூடுதலாகப் போட்டார். திருப்பதிக்குக் குடிவந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஊர் ஒருவழியாக என்னை ஏற்றுக்கொண்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். கடையில் என்னைத் தவிர ஆளே இல்லை என்பதை நான் கவனிக்கவில்லை.

அரக்கோணத்திலிருந்து திருப்பதிக்கு ரயிலில் இரண்டு மணி நேரம். இதைப் புலம்பெயர்வு என்று எழுதினால் கனடாவில் பனி வாரிக்கொண்டிருக்கும் நண்பர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்களுக்கு அந்நிய மண் என்பது வாசற்கதவைத் திறந்தாலே தெரிந்துவிடும். எனக்கு இங்கே எல்லாம் ஊரைப் போலவே இருக்கிறது, அதில்தான் ஆபத்து. அதே அரிசி, அதே வெயில், அதே பெருமாள். காலண்டர் மட்டும் வேறு. புரட்டாசி முழுக்க எங்கள் வீட்டில் கவுச்சி கிடையாது. ஊரில் இருந்தபோதே விடாத விரதத்தை, அவர் மலையடிவாரத்தில் குடியிருந்துகொண்டு விட முடியுமா? மாடியில் இருக்கும் வீட்டு ஓனரம்மா நெல்லூர்ப் பக்கம். சனிக்கிழமையை மட்டும் மதித்துவிட்டு மற்ற நாட்களில் மீன் பொரித்தார். அந்த வாசம் படியிறங்கி வந்து எங்கள் சாம்பார் சாதத்தோடு உட்கார்ந்தது. ஐப்பசி பிறந்ததும் விட்டதையெல்லாம் பிடிப்பது என்று நானும் என் மனைவி சுமதியும் முடிவு செய்திருந்தோம்.

என் மகள் யாழினி நாலாம் வகுப்பு. ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்ததால் அவளுக்குப் பள்ளிக்கூடம் மாறியது. அவளை யாரும் கேட்கவில்லை. வகுப்பில் அவளுக்கு 'அரவப் பிள்ள' என்று பெயர், அதாவது தமிழ்க்காரப் பெண். திட்டுவதற்காகச் சொல்வதில்லை. சொந்தப் பெயரைத் தெரிந்துகொள்ளும் அளவுக்கு யாரும் பழகவில்லை, அவ்வளவுதான். சுமதி கேட்டால், "எல்லாரும் ஒண்ணா குந்திக்கினுதான் துன்றோம்" என்பாள். மறந்துபோன தண்ணீர் பாட்டிலைக் கொடுக்க ஒருநாள் மதியம் போனேன். பள்ளிக் கேட்டின் கம்பி வழியாகப் பார்த்தேன். வராண்டா ஓரத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பாட்டிலை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு மதியச் சோறு சரியாக இறங்குவதில்லை. வேறு என்ன செய்வது என்று தெரியாததால், குழந்தைகளைக் கடலுக்குக் கூட்டிப்போக முடிவு செய்தேன்.

நவம்பரில் மழைவிட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடியுமுன் சுமதி பிரியாணிக்குத் தாளித்தாள். உப்புத் தண்ணீருக்கு நல்ல சட்டை எதற்கு என்று பழைய கம்பெனி யூனிஃபார்ம் சட்டையைப் போட்டுக்கொண்டேன். என்னுடையது பழைய வெள்ளைக் கார். காளஹஸ்தி, நாயுடுபேட்டை தாண்டி, கோட்டா வழியாகத் தூபிலிபாளையம் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். அலையைப் பார்த்ததும் நான்கு வயதுச் சின்னவன், "மோட்டார யாரு நைனா நிறுத்தாம உட்டுட்டாங்க?" என்று கேட்டான். யாழினி ஒன்றும் கேட்கவில்லை. துணியோடு போய் முட்டியளவு தண்ணீரில் நின்று, ஒவ்வொரு அலைக்கும் கத்தினாள். ஜூன் மாதத்துக்குப் பிறகு அந்தக் குரலை அன்றுதான் கேட்டேன்.

அவர்களைச் சுமதியோடு அலையில் விட்டுவிட்டு, நான் சவுக்குத்தோப்பில் ஜமுக்காளம் விரித்துப் பாத்திரத்தைத் திறந்தேன். கொஞ்சம் தள்ளி ஒரு பெரிய கூட்டம் வரிசையாக இலை போட்டுக்கொண்டிருந்தது. நல்ல மனிதர்களாகத் தெரிந்தார்கள். பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கொடுக்காமல் சாப்பிடுவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. ஒரு தட்டு நிறையப் பிரியாணி வைத்து, மேலே பெரிய தொடைத்துண்டாகப் பார்த்து வைத்து எடுத்துப் போனேன்.

அவர்கள் நடுவில், தொட்டியில் நட்ட ஒரு நெல்லிக்கிளைக்கு விளக்கேற்றிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் விளக்குக்கும் கிளைக்கும் நேரெதிரே போய்த் தட்டை நீட்டினேன். "தீஸ்கோண்டி" என்றேன். எனக்குச் சரியாக வரும் சில தெலுங்குச் சொற்களில் அது ஒன்று. எடுத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். ஒருவரும் எடுத்துக்கொள்ளவில்லை. பூஜை செய்துகொண்டிருந்தவர் இரண்டு கையையும் தூக்கி, "அய்யோ, கார்த்தீக மாசமண்டி!" என்றார்.

எங்களுக்கு ஐப்பசியே முடியவில்லை. இவர்களுக்குத் தீபாவளி மறுநாளே கார்த்திகை பிறந்துவிட்டிருந்தது. மாதம் முழுவதும் கவுச்சி இல்லை, ஞாயிறுதோறும் நெல்லிமரத்தடியில் வனபோஜனம். கோழிக்கடைக்காரரின் மரியாதைக்கு அப்போதுதான் எனக்குப் பொருள் விளங்கியது.

அந்த நேரம் பார்த்து யாழினி நனைந்த பாவாடையோடு ஓடிவந்தாள். கூட்டத்திலிருந்து ஒரு சிறுமி, "ஏய், யாழினி!" என்று எழுந்தாள். அவளை 'அரவப் பிள்ள' என்று கூப்பிடவில்லை. ஹர்ஷிதா, அவள் வகுப்பு. தட்டையும் என்னையும் பார்த்துவிட்டு, "ஈயன மீ நான்னா?" என்று கேட்டாள். இவர் உன் அப்பாவா என்று அர்த்தம்.

யாழினி என்னைப் பார்த்தாள். கோழித்தொடையைப் பார்த்தாள். கூட்டம் முழுவதையும் பார்த்தாள்.

"காது" என்றாள். இல்லை. "டிரைவர் அங்கிள்."

நான் தலையாட்டினேன். சட்டையும் ஒத்துழைத்தது. "மன்னிச்சிருங்க சார்" என்று பூஜைக்காரரிடம் சொல்லிவிட்டுத் தட்டோடு காருக்கு நடந்தேன். எதிரே தோளில் தூங்கும் சின்னவனோடு வந்த சுமதியிடம், "நான் டிரைவர். நீ போயி அவங்களோட குந்து" என்றேன். "இன்னாங்க இது அநியாயம்?" என்றாள். "அவள பேரு சொல்லிக் கூப்புட்றாங்க, போ" என்றேன். போனாள்.

காரின் கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்து பார்த்தேன். என் மகள் ஹர்ஷிதாவோடு தோள் இடித்துக்கொண்டு, புளிஹோரா தின்று, வாய் ஓயாமல் பேசினாள். அவளுக்கு இவ்வளவு தெலுங்கு வரும் என்று எனக்குத் தெரியாது. சந்தோஷமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஹர்ஷிதாவே ஒரு இலைத்தட்டில் டிரைவருக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். நன்றாக இருந்தது. புளி மட்டும் கொஞ்சம் தூக்கல்.

திரும்பும்போது யாழினி பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். கோட்டா தாண்டியது.

"நைனா" என்றாள்.

"சொல்லுங்கம்மா" என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"நாளைலேர்ந்து ஹர்ஷிதா என் பக்கத்துல குந்திக்கினு துன்றேன்னு சொல்லிக்கீறா."

"ரொம்ப நல்லது."

"நீ ஸ்கூலாண்ட வராத நைனா. மீட்டிங்குக்கு அம்மா மட்டும் வரட்டும்."

சுமதி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"அம்மாவ கூட்டியாரணும் இல்ல?" என்றேன். "கேட்டாண்ட வண்டிய நிறுத்திக்கினு, உள்ளயே குந்திக்கினு இருக்கேன். எறங்க மாட்டேன்."

யாழினி முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு என் சட்டையைப் பார்த்தாள்.

"சரி, டிரைவருங்கல்லாம் அப்பிடித்தான் இருப்பாங்க" என்று சம்மதித்தாள்.