கதவைச் சாத்திய அறையும் கென்னின் குளிசையும்

மருந்துக்கடை உத்தியோகத்தில் மருந்து கால்பங்கு; மிச்ச முக்கால்பங்கு, ஒருவருடைய நோய் வருத்தம் இன்னொருவர் காதில் விழாமல் பார்த்துக்கொள்வது. கவுண்டருக்குப் பின்னால் நின்று நின்று கால் வீங்கியவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் தமிழ்ச் சனம் நிறைந்த ஸ்காபரோவில் ஒரு பிளாசாவில் பதினேழு வருடம் பார்மசிஸ்டாக நின்றவள் நான். போன வருடம் இலையுதிர் காலத்திலிருந்து இரண்டு வாரம் ஸ்காபரோ, இரண்டு வாரம் வடக்கே பெரிய ஏரிக்குள் இருக்கும் ஒரு சின்னத் தீவு என்று மாறி மாறி வேலை. தீவின் பெயரைச் சொல்லமாட்டேன். இருநூறு பேர்கூட இல்லாத இடம். பெயரைச் சொன்னால் ஆளைச் சொன்னது மாதிரி. அங்கே எல்லாரும் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் இப்போது நினைத்தால் எனக்கு நம்முடைய தமிழில்தான் கேட்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

ஷாம்பூ படித்த அன்ரி

முதலில் ஸ்காபரோ. ஒரு அன்ரி வருவார். டொக்டர் எழுதிக் கொடுத்த துண்டு கைப்பைக்குள் இருக்கும், ஆனால் எடுக்கமாட்டார். ஷாம்பூப் போத்தல் ஒன்றைக் கையில் எடுத்து, பரீட்சைக்குப் படிப்பது போல அதன் முதுகைப் படித்துக்கொண்டிருப்பார். ஒருநாள் இருபது நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அன்ரி, வாங்கோ" என்று கூப்பிட்டேன். ஓடிவந்து என் வாயைப் பொத்தாத குறை.

அதன்பிறகுதான் கவுண்டருக்குப் பக்கத்தில் இருந்த சின்ன அறையை உபயோகிக்கத் தொடங்கினேன். உள்ளே கூட்டிக்கொண்டு போய், கதவைச் சாத்தி, மெதுவாக விளக்கம் சொல்வேன். எங்கள் சனம் அந்த அறையைக் கோயில் மாதிரி மதித்தது. நான் கூப்பிட்ட அன்றைக்கு அன்ரி என் காதுக்குள் சொன்னது இதுதான்: "பிள்ளை, லைனிலை கடைசியா நிக்கிறது என்ரை சம்பந்தி. அவ போனாப்பிறகு கூப்பிடும்."

பிறந்த தேதி

தீவில் மருந்துக் கவுண்டர் என்பது பலசரக்குக் கடையின் பின்மூலை. உருளைக்கிழங்குக்கும் மீன்பிடித் தூண்டிலுக்கும் அங்கால் நான். அங்கே முன்பு இருந்த பார்மசிஸ்ட் ஓய்வுபெற்றுப் போக, அந்தக் கவுண்டரையும் நடத்துகிற எங்கள் முதலாளி, "ஆர் போறியள்?" என்று கேட்டார். மற்றவர்கள் எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள், நான் மட்டும் மறந்துபோய் அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டேன்.

மருந்து கொடுக்குமுன் பெயர், முகவரி, பிறந்த தேதி கேட்பது விதி. முதல்நாள் வந்தவர் கடையின் காசாளர் மெரிலின். அறுபது வயதிருக்கும். பிரஷர் மாத்திரை, எங்கள் பேச்சில் குளிசை, எடுக்க வந்தார். முகவரி கேட்டேன். யன்னலுக்கு வெளியே தெரிந்த நீலக் கூரையைக் கையால் காட்டினார். குரலைத் தாழ்த்திப் பிறந்த தேதி கேட்டேன். மெரிலின் வாயைத் திறக்குமுன் பின்னால் பாலும் பாண் ரொட்டியுமாக நின்ற கிழவி பதில் சொன்னார்: "மார்ச் நாலு. அண்டைக்குச் சரியான பனி, இவவின்ரை தாயைச் சறுக்கு வண்டியிலை நான்தான் இழுத்துக்கொண்டு போனனான்."

பூட்டிய கதவு

கடைக்கு மேலேதான் எனக்குத் தங்குமிடம். ஸ்காபரோவில் இருக்கும் எங்கள் வீட்டில் முன்கதவுக்கு இரண்டு பூட்டு, கமரா ஒன்று. அந்தப் பழக்கத்தில் இங்கேயும் பூட்டிவிட்டுப் படுத்தேன். விடியக் கதவைத் திறந்தால், வாசல்படியில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு முழு மீன், அதன் பக்கத்தில் கோபமாக ஒரு காகம். சுற்றியிருந்த தாளில் பாதியைக் காகம் பிரித்திருந்தது. யார் வைத்தது என்று மெரிலினைக் கேட்டேன். தான்தான் என்றார். நன்றி சொன்னேன். அவருக்கு நன்றி போதவில்லை. "கதவைப் பூட்டினா நான் மீனை எங்கை வைக்கிறது?"

பத்து நிமிடம்

இனித்தான் என்னுடைய பிழை. கென்னுக்கு எழுபத்திரண்டு வயது, தனி ஆள். தீவின் ஒரே ரோட்டில் ட்ராக்டரால் பனி தள்ளுவது அவர். இதயத் துடிப்பு ஒழுங்கில்லை என்று, இரத்தம் கட்டிப்படாமலிருக்க டொக்டர் புதுக் குளிசை எழுதியிருந்தார். ஒழுங்காகப் போட்டால் பயமில்லை. விட்டால் இரத்தக்கட்டி மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம். விளக்கமாகச் சொல்ல வேண்டிய மருந்து. அங்கேயும் கவுண்டருக்குப் பக்கத்தில் ஒரு அறை இருந்தது. கென்னை உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்தி, பத்து நிமிடம் சொன்னேன்.

வெளியே வந்தபோது கடையில் ஆறு பேர் அசையாமல் நின்றார்கள். மெரிலின் ரேடியோவை நிறுத்தியிருந்தார். அடுத்தநாள் கென்னின் குசினியில், ஊர் அனுதாபத்தோடு சமைத்துக் கொண்டுவந்த ஏழு தட்டு மக்கரோனி. ஒருவர் கென்னிடமே, ட்ராக்டரை யாருக்கு எழுதிவைத்திருக்கிறார் என்று கேட்டிருக்கிறார். மெரிலின் என்னிடம் வந்து, "கென்னுக்கு இன்னும் எத்தினை மாசமாம்?" என்றார். கென் சாகப்போவதில்லை என்று சொல்லவும் எனக்கு அனுமதியில்லை. ஒருவருடைய நலமும் அவருடைய ரகசியம்தானே! "நான் ஒண்டும் சொல்ல ஏலாது" என்றேன். மெரிலினின் கண் கலங்கிவிட்டது. "முந்தின பார்மசிஸ்ட் எல்லாத்தையும் கவுண்டரிலையே சொல்லுவார். அந்த அறைக்குள்ளை கடைசியாப் போனது எங்கடை பாதிரியார். ஈஸ்டருக்கு முன்னம் அடக்கம் செய்தம்."

தட்டுகிறவர்கள்

அதன்பிறகு கென் கடைப்பக்கம் வரவேயில்லை. டிசம்பரில் நான் ஸ்காபரோவிலிருந்து திரும்பிவந்து கம்ப்யூட்டரைப் பார்த்தால், அவருடைய ஒரு மாதக் குளிசை முடிந்து பத்து நாள். இன்னும் ஐந்து நாளில் ஏரி உறையத் தொடங்கிப் படகு நின்றுவிடும். அதன்பின், ஏரி கார் போகிற அளவுக்கு இறுகும்வரை சில வாரங்கள் யாரும் போகவும் முடியாது, வரவும் முடியாது. அந்த வாரங்களுக்கு என் கவுண்டரும் பூட்டு. வருத்தம் வந்தால் ஹெலிகொப்டர் வரவேண்டும், அதற்கும் வானம் வெளிக்க வேண்டும். மூன்று தரம் போன் எடுத்து, விதிப்படி, "உங்களுடைய பொருள் தயார்" என்று மட்டும் தகவல் வைத்தேன். பதில் இல்லை. அந்த மனிதருக்கு ஏதாவது நடந்தால் கொன்றது நான் சாத்திய கதவுதான்.

குளிசையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போனேன். பத்து நிமிடம் தட்டினேன். அவர் யன்னலுக்குள்ளிருந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் திறந்து, "இஞ்சை தட்டுறது பொலிசும் சாவுச் செய்தியும்தான்" என்றார். மன்னிப்புக் கேட்டுக் குளிசையை நீட்டினேன். வாங்கவில்லை. ஒரு மாதத்துக்கு மேலாக ஊர் தன்னைப் பிணமாகப் பார்க்கிறது, பனி தள்ளக்கூட வேறு ஆள் பார்க்கிறார்கள், இதையும் ஒளித்து வாங்கினால் கதை முடிந்தது என்றார். அவருக்கு ஒரே ஒரு நிபந்தனை: "கதவைச் சாத்தி என்னைச் சாக்காட்டினது நீர். சனம் நிக்கேக்கை எல்லாருக்கும் முன்னாலை நீரே உயிரோடை திருப்பித் தாரும்."

கடைசிப் படகுக்கு முதல்நாள்

அன்றைக்குத் தீவு முழுவதும் கடைக்குள் நின்றது. மாவும் மெழுகுதிரியும் வாங்கும் சனம். கென் வரிசையில் தன்னுடைய முறைக்கு நின்று வந்தார். பதினேழு வருடம் காதோடு காதாகப் பேசிப் பழகிய வாய். முதல் தரம் சத்தமே வரவில்லை. "கேக்கேல்லை!" என்றார் கென். தொண்டையைச் செருமிக்கொண்டு கத்தினேன்: "கென், இது இரத்தம் கட்டிப்படாமலிருக்கப் போடுற குளிசை. காலமை ஒண்டு, பின்னேரம் ஒண்டு. இதை விடாமல் போட்டால் இன்னும் கனகாலம் இருப்பியள்!" கென் போத்தலை வாங்கி, மூடியைத் திறந்து, ஒன்றை எடுத்து எல்லாரும் பார்க்க விழுங்கினார். தண்ணீர்கூடக் கேட்கவில்லை. எனக்குச் சந்தோசத்தில் அழுகை வந்தது.

அவர் விலகிப் போனதும், காசு மெசினை அப்படியே விட்டுவிட்டு மெரிலின் வந்து வரிசையின் முன்னால் நின்றார். பின்னால் நின்ற ஒருவரும் முறுமுறுக்கவில்லை. "எனக்கும் அப்பிடிச் சத்தமாச் சொல்லும். பத்து வருசமாப் பிரஷர் குளிசை போடுறன், கனகாலம் இருப்பாய் எண்டு இன்னும் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை."

ஆக, மருந்துக் கவுண்டர்த் தோழர்களே, ஒரே குளிசையை ஸ்காபரோவில் சம்பந்திக்குக் கேட்காமலும் தீவில் ஊருக்கே கேட்கும்படியும் கொடுத்து ஆளைப் பிழைக்கவைக்கிற உத்தியோகம் நம்முடையது, தொண்டை கட்டினால் மட்டும் நாமே கசாயம் வைத்துக் குடிக்க வேண்டியதுதான்.