பணி நேரத்தில் டென்னிஸ்

உப்பளம் வட்டாரத்தில் இருக்கும் நகராட்சி டென்னிஸ் கோர்ட்டுக்குப் பதினோரு வருடம் நான்தான் காவல். காலை ஐந்து மணிக்கெல்லாம் செம்மண்ணுக்குத் தண்ணீர் தெளித்து, உருளையை இழுத்து, நூல் பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போடுவேன். கோடு காய்வதற்குள் நடைக்காரர்கள் வந்துவிடுவார்கள். எட்டு வடிவத்தில் நடந்தால் சர்க்கரை இறங்கும் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லிவிட்டார்கள். அவ்வளவு நீளத்துக்குக் கடற்கரை கிடக்கிறது. எட்டுப் போட என் கோடுதான் கிடைத்தது. பற்றிக்கொண்டு வரும். வாயைத் திறந்தால் "பப்ளிக் எடம்தானப்பா" என்பார்கள்.

அவர்களுக்குத் தலைவர், பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன் வாங்குகிற ஒரு பெரியவர். அவருடைய எட்டின் இடுப்பில் வலை குறுக்கே நிற்பது அவருக்குப் பெரிய குறை. "யாரு ஆடறாங்க இங்க? அந்த டீச்சரம்மா செவுத்தோட ஆடுது. அதுக்கு எதுக்குப்பா வலை?" என்றார் ஒருநாள். சொன்னதோடு விடவில்லை. வலையை எடுத்துவிட்டு நடைபாதைக் கல் பதிக்கச் சொல்லி, எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி நகராட்சியில் மனுவும் கொடுத்துவிட்டார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். மாதாகோயில் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் மட்டும் தினமும் வருவார். கூட ஆடியவர் மகளோடு பிரான்சுக்குக் குடிபோனதிலிருந்து டீச்சருக்கு எதிராளி சுவர்தான். மனுவை விசாரிக்க நகராட்சி ஜூனியர் இன்ஜினியர் ஜே.இ. நேரில் வந்து பார்ப்பதாகச் சேதி வந்தது. யாரும் ஆடவில்லை என்று அவர் எழுதிவிட்டால் கோர்ட் போச்சு.

"நீங்க மட்டைய எடுங்கண்ணா" என்றார் டீச்சர்.

"நானா? நான் வலை கட்டறவன் டீச்சர்."

"கட்டத் தெரியுதில்ல? அதுக்கு மேல அடிங்க, போதும்."

அதுவரை மட்டையை எடுத்து நீட்டியிருக்கிறேனே தவிர வீசியதில்லை. முதல் பந்து வேலியைத் தாண்டி இட்லிக்கடைக்குப் போனது. இரண்டாவது பந்து பெரியவரின் முழங்காலுக்குப் போனது. அதில் எனக்கு வருத்தமில்லை. நடைக்காரர்கள் ஓரமாக நின்று சிரித்தார்கள். பத்து நாள் இதே கூத்துதான். பதினோராம் நாள், டீச்சரால் எடுக்க முடியாத மூலையில் ஒரு பந்தைப் போட்டேன். உடம்பெல்லாம் சந்தோஷம். திரும்பிப் பார்த்தால் வாசலில் ஜே.இ. அவர் பந்தைப் பார்க்கவில்லை, என் காக்கிச் சட்டையைத்தான் பார்த்தார்.

"டியூட்டில ஆட்டமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மறுநாளே மெமோ வந்தது: பணி நேரத்தில் டென்னிஸ் ஆடியதற்கு விளக்கம் தரவும்.

"பந்து பொறுக்கிக் குடுத்தேன்னு எழுதுங்க, அதோட முடிஞ்சிடும்" என்றார் ஆபீஸ் கிளார்க். நல்ல மனுஷர். ஆனால் நான் ஆடவில்லை என்றால் அந்த ஃபைலில் யாருமே ஆடவில்லை என்றாகிவிடும். இப்படி எழுதினேன்: "ஆம், ஆடினேன். வலை கட்டி, கோடு போட்ட கோர்ட்டில், பொதுமக்களில் ஒருவரோடு முறைப்படி ஆடினேன். தோற்றேன்."

மனு தள்ளுபடி ஆனது. அங்கே டென்னிஸ் ஆடப்படுகிறது என்பதற்கு ஊழியரின் வாக்குமூலமே ஆதாரமாம். அதே வாக்குமூலத்துக்காக என்னை முதலியார்பேட்டைக் கட்டணக் கழிப்பிடத்துக்கு மாற்றினார்கள். போகட்டும், கோர்ட் பிழைத்ததே என்றிருந்தேன்.

முதல் வார விடுமுறையில் காக்கியைக் கழற்றி வைத்துவிட்டு, பழைய மட்டை ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். புதுக் காவல்காரர் மரியாதையாகத்தான் வாசலை மறித்தார். பக்கத்தில் புதிதாக ஒரு பலகை: நகராட்சி ஊழியர்கள் இங்கே விளையாடத் தடை.

"உங்களாலதாண்ணே இந்த ஆர்டரே வந்துது" என்றார்.

உள்ளே வலை விறைப்பாக நின்றது. நடைக்காரர்கள் அதைச் சுற்றிச் சுற்றி எட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். டீச்சர் மறுபடியும் சுவரோடு ஆடிக்கொண்டிருந்தார். ஒரு பந்து வேலி தாண்டி என் காலடியில் வந்து விழுந்தது. எடுத்து, மட்டையால் உள்ளே அடிக்கலாமா என்று கேட்டேன்.

"கையால போடுங்கண்ணே" என்றார் காவல்காரர். "அடிச்சா ஆட்டமாயிடும்."