ரோஸிக்கு ஓர் எக்ஸ்ரே

போன திங்கட்கிழமை ஓர் எக்ஸ்ரே கடைக்காரரோடு சண்டை போட்டேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிற கடை. ஏழெட்டுப் பேர் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் எங்கள் வீட்டு நாய் ரோஸியைச் சங்கிலியோடு பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தேன்.

"நாய வெளிய கட்டிட்டு வாங்க சார். யாருக்கு எடுக்கணும்?"

"இவளுக்குத்தான்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் முகம் மாறிவிட்டது. "மனுசங்க படுக்குற மேசை சார் இது. நாய் படுத்ததப் பாத்தா நாளைக்கு ஒருத்தன் இந்தப் பக்கம் வருவானா?"

பெஞ்சில், கையில் கட்டோடு இருந்த ஒருவர் பக்கத்து ஆளிடம் சொன்னார்: "நமக்கே காலைலேருந்து டோக்கன் நகரல. இதுல நாய்க்கு எக்ஸ்ரேயாம்ல அப்பு!"

எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் நான் பேசியதை அச்சில் போட முடியாது. கோபமா அது? பயம். எனக்குப் பயம் வந்தால் கத்துவேன். வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரிந்துவிட்டது.

ரோஸிக்குப் பதினோரு வயது. ஜாதி கீதி கிடையாது. செவலை நிறம், ஒரு காது மடங்கியிருக்கும். சித்திரையில் அவள் அடிவயிற்றில், காம்புக்குப் பக்கத்தில், சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி வந்தது.

கட்டி என்றால் எங்கள் வீட்டில் ஒரே வைத்தியம்தான். மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைத்துப் பத்துப் போடுவது. பழுக்கும், உடையும், சீழ் போகும், ஆறிவிடும். என் கழுத்தில் வந்தது அப்படித்தான் போனது. ரோஸிக்கும் போட்டேன். நக்கிவிடுவாள் என்று, என் மனைவியின் பழைய சுங்குடிச் சேலையைக் கிழித்து வயிற்றைச் சுற்றிக் கட்டினேன். தினமும் காலையில் அவிழ்த்து அமுக்கிப் பார்ப்பேன். "இன்னும் பழுக்கல" என்பேன்.

மூன்று மாதம்! கட்டி எலுமிச்சம்பழம் அளவுக்கு வந்துவிட்டது. சரி, சீக்கிரம் உடையப்போகிறது என்று சந்தோஷப்பட்டேன். முட்டாள்தனத்துக்கு ஓர் அளவு வேண்டாமா?

கடைசியில் மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். வயிறு ஊதிய பசு ஒன்றைப் பார்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்தார். கட்டியைத் தொட்டார். விரலில் ஒட்டிய மஞ்சளைப் பார்த்தார்.

"ஏனுங்க, இத்தன நாளா இதையா பூசிட்டு இருந்தீங்க? பழுக்கறதுக்கு இதென்ன கொப்புளமுங்களா? கேன்சருங்க."

பசு கத்திக்கொண்டிருந்தது.

"நெஞ்சுக்குப் பரவியிருந்தா கத்தி வெக்கறது வீணுங்க. எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க. இங்க மிஷின் இல்லீங்க. மனுசனுக்கு எடுக்கற எடத்துலதான் கெஞ்சிப் பாக்கோணும்."

கெஞ்சச் சொல்லி அனுப்பினார். நான் போய்ச் சண்டை போட்டேன்.

தெருமுனை வரை வந்துவிட்டேன். பின்னாலேயே எக்ஸ்ரேக்காரர் ஓடி வந்தார். "சார், ரெண்டு மணிக்கு மேல பின்வாசல் வழியா வாங்க. சத்தம் போடாம வரணும். நீங்களும்தான்."

இரண்டு மணிக்கு ரோஸியை அந்த மேசையில் படுக்க வைத்துக் கால்களைப் பிடித்துக்கொண்டேன். மேசை சில்லென்று இருந்தது. அவள் இதயம் என் உள்ளங்கையில் அடித்தது. அவர் பழக்க தோஷத்தில், "மூச்ச நல்லா இழுத்துப் பிடிம்மா… விடாத…" என்றார்.

ரோஸி மூச்சைப் பிடிக்கவில்லை. நான் பிடித்தேன்.

பிலிம் காயும்வரை கொடியில் தொங்கியது. வெயிலில் தூக்கிப் பார்த்தேன். எனக்கு என்ன தெரியும்? வெள்ளையாக இருந்ததெல்லாம் நோய் என்றே தோன்றியது. கவரில் 'செல்வி ரோஸி, வயது 11' என்று எழுதியிருந்தார். சிரிக்க வேண்டிய விஷயம். சிரிப்பு வரவில்லை.

டாக்டர் பார்த்துவிட்டு, "நெஞ்சு சுத்தமுங்க" என்றார். அப்பாடா என்று உட்காரப் போனேன்.

"உக்காராதீங்க, இனிமேத்தான் இருக்குது. அறுத்து எடுத்தர்லாம். ஆனா வயசாச்சு. மயக்க மருந்துலயே போனாலும் போயிரும். மெட்ராசுக்குக் கொண்டு போனா நல்லாப் பாப்பாங்க. ஆனா ரயில்ல கடைசீல இருக்கற கார்டு வண்டிக் கூண்டுல அடச்சுத்தான் கொண்டு போகோணும். ஊசி போட்டுத் தூங்க வெக்கச் சொன்னாலும் வெக்கறேன்."

"ஒண்ணுமே பண்ணாம விட்டுட்டா?"

"தானா வெடிக்குமுங்க. அப்புறம் ஆறாது."

வெடிக்கும்… மூன்று மாதமாக அதற்காகத்தானே ஐயா காத்திருந்தேன்!

"நீங்களா இருந்தா என்ன செய்வீங்க டாக்டர்?"

"இது என்ற நாய் இல்லீங்களே."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஆரம்பித்தேன். "கேன்…" என்பதற்குள் வாயில் விரலை வைத்தாள். ரோஸியைக் கொல்லைப் பக்கம் அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "அவ முன்னாடியா சொல்றது? இப்பச் சொல்லுங்க."

நாய்க்கு என்னடி புரியும் என்று கத்த வாயெடுத்தேன். கத்த முடியவில்லை. எங்கள் குடும்பத்தில் அப்படித்தான். அந்த வியாதி யாருக்கு வந்ததோ அவருக்குச் சொல்ல மாட்டோம்.

நாலு வருஷத்துக்கு முன்னால் என் அண்ணனை மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். "ஏலே, எனக்கு என்னலே? உண்மையச் சொல்லு" என்று என் கையைப் பிடித்துக் கேட்டான். "ஒண்ணுமில்லண்ணே, அல்சரு" என்றேன். நான்தான் சொன்னேன். வெளியே வராந்தாவில் நாங்கள் நாலு பேர் கூடிப் பேசி, ஆபரேஷன் என்று முடிவு செய்தோம். "வீட்டுக்குப் போவோம்லே" என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் பேச்சை யார் கேட்டது? மேசையிலிருந்து அவன் எழுந்திருக்கவில்லை.

தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பான்? அறுக்கச் சொல்லியிருப்பானா? இந்த வாரம் முழுக்க அதுதான் மண்டைக்குள் ஓடுகிறது. வாயுள்ள மனிதன். கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பான். கேட்கவில்லை. இப்போது வாயில்லாத ஒன்றின் முகத்தை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டு, உனக்கு என்னடி வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கடைசியில் ஆபரேஷன் என்றே சொல்லிவிட்டேன். துணிச்சல் எல்லாம் இல்லை. மேசை ஒரு பயம், வெடிக்கப்போகிற கட்டி ஒரு பயம். இரண்டில் எது கொஞ்சம் சின்னதோ அதை எடுத்துக்கொண்டேன். பெரிய மனிதர்கள் 'முடிவெடுத்தேன்' என்று சொல்வதெல்லாம் இதுதானோ என்னவோ!

நாளைக் காலை எட்டு மணிக்கு. மாட்டாஸ்பத்திரியில் ஆள் போதாது, நான்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்று சாயங்காலத்திலிருந்து சோறு கிடையாது என்று டாக்டர் உத்தரவு. ரோஸி காலித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து என்னையும் பார்க்கிறாள், சமையல்கட்டையும் பார்க்கிறாள். என்ன குற்றம் செய்தோம் என்று யோசிக்கிறாளோ?

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கேன்சர், நாளைக்கு அறுக்கப் போகிறார்கள், எனக்குப் பயமாக இருக்கிறது என்று எல்லாவற்றையும் அவளிடமே சொன்னேன். நிலைப்படியில் நின்று என் மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை வாயில் விரல் வைக்கவில்லை.

"நாளைக்கு எனக்கு இப்படி ஏதாச்சும் வந்தா எங்கிட்டச் சொல்லிருவியா?" என்று கேட்டேன்.

"மொதல்ல வாயக் கழுவுங்க" என்றாள்.

அதாவது… சொல்ல மாட்டாள்.